வீட்டிலிருந்தே டெக்னிக்கல் ரைட்டர் ஆக விரும்புவோருக்குக் கூகுளின் இலவசப் பாடம் எவ்வளவு தூரம் உதவும்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆண்டுதோறும் பட்டம் பெறும் பொறியியல், அறிவியல் மாணவர்களில் பெரும்பாலோர் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறிவிடுகிறார்கள். ஏற முடியாமல் ஊரிலேயே இருப்பவர்களும் உண்டு. கைக்குழந்தை உள்ளவர்கள், நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர்கள், திருமணத்துக்குப் பின் சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் என்று இவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், நன்றாக எழுதக்கூடியவர்கள். இவர்களிடம் யாராவது ஒருவர், "டெக்னிக்கல் ரைட்டிங் முயன்று பாருங்களேன், வீட்டிலிருந்தே செய்யலாம்" என்று சொல்கிறார். அதை நம்பித் தேடத் தொடங்குபவர் முதலில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, கூகுள் நிறுவனம் இலவசமாக வெளியிட்டிருக்கும் தொழில்நுட்ப எழுத்துப் பாடம். நான் ராணிப்பேட்டையில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை நடைமுறைக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, இந்தப் பாடத்தை முழுவதும் படித்து, இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்து உதவிப் பக்கங்கள் எழுதி வருகிறேன். வேலை தேடும் புதியவருக்கு இந்தப் பாடம் எதைத் தருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, நின்ற இடத்திலிருந்து எப்படித் தொடர்வது என்பதையே இந்த மதிப்புரையில் எழுதுகிறேன்.

ஒரு செயலியையோ இயந்திரத்தையோ மென்பொருளையோ பயன்படுத்துபவர், வேறு யாரையும் தொலைபேசியில் அழைக்காமல் தம் காரியத்தை முடித்துக்கொள்ளும்படி வழிகாட்டுவதே தொழில்நுட்ப எழுத்து. நிறுவும் முறை, பயனர் கையேடு, உதவிப் பக்கம், புதிய பதிப்பில் மாறியவற்றைச் சொல்லும் குறிப்பு, ஒரு மென்பொருள் இன்னொன்றோடு இணைவதற்கான ஏபிஐ விளக்கம் ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். தேடுபொறியில் முன்னால் வருவதற்காக எழுதப்படும் விளம்பரக் கட்டுரை இதில் சேராது. வேலை தேடும்போது இந்த வேறுபாடு மிகவும் பயன்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பாடம் இரண்டு முதன்மைப் பகுதிகளாக உள்ளது. முதற்பகுதி சொல், வாக்கியம், பட்டியல், பத்தி, வாசகர், ஆவணம் என்று சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறிச் செல்கிறது. இரண்டாம் பகுதி தாம் எழுதியதைத் தாமே திருத்துவது, பெரிய ஆவணத்தை ஒழுங்குபடுத்துவது, படங்களையும் மாதிரி நிரல்களையும் சேர்ப்பது ஆகியவற்றைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி எழுதும் அணுகல்தன்மை பற்றியும், பிழைச்செய்திகளை எழுதுவது பற்றியும் தனிச் சிறு பாடங்களும் உண்டு. எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பொறியாளர்களையும் கணினி மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடம் என்றாலும், பள்ளி ஆங்கிலம் ஓரளவு கைவந்த எவரும் தொடரக்கூடிய எளிய நடையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் அலகின் நடுவிலும் சிறு பயிற்சிகள் வருகின்றன; நாமே விடையை யோசித்துப் பார்த்துவிட்டு, கீழே மறைத்து வைக்கப்பட்டிருக்கும் விடையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் பயிற்சிகளைக் கண்ணால் மட்டும் ஓட்டிவிடாமல், ஒவ்வொன்றையும் கையால் எழுதியோ தட்டச்சு செய்தோ பார்ப்பவருக்குத்தான் இந்தப் பாடம் முழுப் பலன் தரும்.

முதற்பகுதியில் எனக்கு மிகுந்த பயன் தந்தது செய்வினை பற்றிய அலகு. நம் பள்ளிகளில் ஆங்கிலத்தில் எழுதுவது பெரும்பாலும் கடிதத்தில்தான் தொடங்குகிறது. விடுப்பு விண்ணப்பம், வங்கி மேலாளருக்குக் கடிதம், ஆட்சியருக்கு மனு என்று பழகிய கை, செய்பவர் யார் என்று சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் செயப்பாட்டுவினையே மரியாதையான ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறது. தொழிற்சாலைக் குறிப்புகளிலும் இதுவே தொடர்கிறது. அடிப்பாகத்தை ஒட்டும் பிரிவில் "பசை தடவப்பட்ட பின் உலர்ந்துள்ளதா என உறுதி செய்யப்பட வேண்டும்" என்று ஒரு குறிப்பு இருந்தால், தடவுபவர் உறுதி செய்ய வேண்டுமா, அடுத்து ஒட்டுபவர் உறுதி செய்ய வேண்டுமா என்பது அதில் தெரிவதில்லை. இருவருமே மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட, ஒட்டாத அடிப்பாகம் பெட்டி வரை போய்விடும். "ஒட்டுபவர் பசையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் காத்திருக்க வேண்டும்" என்று எழுதினால் அந்தச் சிக்கலே எழாது. பாடம் மென்பொருள் உலகிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தந்தாலும் அது சொல்லும் காரணம் இதுதான்: செய்பவரை எழுவாயாக வைத்தால் வாசகருக்கு மனத்துக்குள் மாற்றிப் படிக்கும் வேலை மிச்சமாகிறது. செயப்பாட்டுவினையை அடியோடு விலக்கச் சொல்லவில்லை, பெரும்பாலான இடங்களில் செய்வினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சிறந்த அலகு வாசகரைப் பற்றியது. ஒரு வேலையைச் செய்வதற்கு வாசகருக்குத் தேவையான அறிவிலிருந்து அவருக்கு ஏற்கனவே உள்ள அறிவைக் கழித்தால் எது மிஞ்சுகிறதோ, அதுவே நல்ல ஆவணம் என்று ஒரு கணக்குச் சமன்பாடு போல அங்கே எழுதியிருக்கிறார்கள். எளிமையாகத் தோன்றும் இந்தக் கழித்தல்தான் இந்தத் தொழிலின் பாதி. புதியவர்கள் எழுதும் மாதிரிகளைப் படித்துப் பார்த்தால், கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் கணினியை இயக்குவது எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அல்லது அளவுக்கு மேல் கழித்துவிட்டு, வாசகர் கேள்வியே படாத மூன்று சொற்களை முதல் வரியிலேயே வைக்கிறார்கள். துறையில் நெடுநாள் இருப்பவருக்கு, தமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று தோன்றிவிடும் ஆபத்தையும் அதே அலகு எச்சரிக்கிறது. துறைக்குப் புதிதாக வருபவருக்கு இது ஒரு வலிமையாகவே அமையும், ஏனென்றால் எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்பது அவருக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நேர்காணலில் அனுபவம் இல்லையே என்று தயங்குபவர்கள் இதை நம்பிக்கையோடு எடுத்துச் சொல்லலாம்.

பட்டியல் பற்றிய அலகைப் படித்த கையோடு ஒரு முழு ஆவணம் எழுதிப் பார்ப்பது நல்லது. எதைப் பற்றி எழுதுவது என்று வெளியே தேட வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பல வீடுகளில் ஃபைபர் இணைய இணைப்பு உண்டு. அது நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். ஆகவே "மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் செய்ய வேண்டியவை" என்று ஒரு பக்க ஆவணத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பானால் ஒளி இழை வழியாக வரும் சமிக்ஞை மோடத்தை எட்டவில்லை என்று பொருள். வீட்டில் ஒய்-ஃபை மட்டும் படுத்துவிட்டால் அந்த விளக்கு சிவப்பாகாது. இந்த ஒரு வேறுபாட்டை ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே சொல்லிவிட்டால், தவறான ஆவணத்தைத் திறந்தவர் அங்கேயே திரும்பிவிடலாம். ஆவணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தொடக்கத்திலேயே எல்லை கட்டச் சொல்லும் பாடத்தின் அறிவுரை இப்படித்தான் செயலுக்கு வருகிறது. அடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவற்றுக்கு எண்ணிட்ட பட்டியல், ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் ஏவல் வினை, ஒரு படியில் ஒரே செயல். மோடத்தின் பின்னால் நுழையும் மெல்லிய கேபிளின் முனை உறுதியாகப் பொருந்தியுள்ளதா என்று பார்ப்பது ஒரு படி. கேபிள் எங்காவது மடிந்தோ மேசைக் காலடியில் நசுங்கியோ இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு படி. கழற்றிய கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை, கழற்றச் சொல்லும் படிக்குப் பின்னால் வந்தால் பயனில்லை; அதற்கு முன்னால் வர வேண்டும். கடைசிப் படியில், மறுபடியும் இயக்கிய பின்னும் சிவப்பு மாறாவிட்டால் சேவை நிறுவனத்திடம் என்னென்ன விவரங்களைச் சொல்ல வேண்டும் என்பது.

ஒரு பக்கம்தான். ஆனால் வேலைக்கு விண்ணப்பித்தபோது நேர்காணலில் நீண்ட நேரம் பேசப்பட்டது இந்தப் பக்கத்தைப் பற்றித்தான். எச்சரிக்கையை ஏன் அங்கே வைத்தீர்கள், இந்தப் படியை ஏன் இரண்டாகப் பிரித்தீர்கள் என்று கேட்டார்கள். காரணம் சொல்ல முடிந்தது. பாடத்தை முடித்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் பகுதி முதற்பகுதியை விடச் சற்று வேகமாக ஓடுகிறது. எழுதியதைச் சில மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு படிப்பது, வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது, வாசகர் இடத்தில் தம்மை வைத்துப் படிப்பது போன்ற தற்திருத்த வழிகள் நன்று. படத்துக்கு முதலில் விளக்க வரியை எழுதிவிட்டு அதன்பின் படத்தை வரையச் சொல்வது அருமையான அறிவுரை. அந்த வரி சொல்லும் கருத்துக்கு உதவாத கோடுகள் படத்தில் நிற்காது. மாதிரி நிரல் பற்றிய அலகு நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடினமாக இருக்கும். கலை, வணிகவியல் பின்னணியில் வருபவர்கள் அதைப் பிறகு படிக்கலாம். அதற்காக மொத்தப் பாடத்தையும் விட்டுவிட வேண்டாம்.

இப்போது பாடம் நின்றுவிடும் இடத்துக்கு வருகிறேன். இணையத்தில் தனியே படிப்பவருக்கு, அவர் எழுதியதைப் படித்துத் திருத்திச் சொல்ல ஆள் இல்லை. பாடத்தின் வடிவமைப்பே இரண்டு கட்டமானது: தனியே படிக்கும் பகுதி ஒன்று, வகுப்பில் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் பகுதி ஒன்று. இரண்டாவது கட்டத்தை யாராவது ஒருவர் ஏற்று நடத்த வேண்டும். வேலூரில் வீட்டில் தனியாக அமர்ந்து படிப்பவருக்குக் கிடைப்பது முதற்கட்டம் மட்டுமே. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு நாளெல்லாம் நடப்பதோ மற்றவர் திருத்துவதும், அந்தத் திருத்தத்தை ஏற்பதும், ஏற்காவிட்டால் காரணம் சொல்வதும்தான். அதைப் பழகாமல் போய் நின்றால் முதல் மாதம் மனம் உடைந்துவிடும்.

அடுத்தது கருவிகள். குறியீடுகளைக் கொண்டு எளிய உரையாக எழுதும் மார்க்டவுன் முறையைப் பாடம் அறிமுகம் செய்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு அது போதுமான தொடக்கம். ஆனால் வேலை விளம்பரங்களைப் படித்தால் மேட்கேப் ஃப்ளேர், அடோபி ஃப்ரேம்மேக்கர், ஆக்சிஜன் போன்ற ஆவணம் எழுதும் மென்பொருள்களின் பெயர்களும், ஒயாசிஸ் அமைப்பு 2005-ல் தரநிலையாக வெளியிட்ட, ஆவணத்தைத் தனித்தனித் துண்டுகளாக எழுதிச் சேர்க்கும் டிட்டா என்ற எக்ஸ்எம்எல் முறையும் வந்துகொண்டே இருக்கும். இயந்திரம், மருத்துவக் கருவி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளின் பழைய பெரிய நிறுவனங்கள் இவற்றைக் கேட்கும். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைத்தால் விண்ணப்பிக்கவே முடியாது. மென்பொருள் நிறுவனங்களைக் குறிவைப்பவர் மார்க்டவுனையும் கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியையும் நன்றாகக் கற்றால் போதும். உதவிப் பக்கங்களை வெளியிடும் தளம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர், நம் கோயம்புத்தூரில் உருவான டாக்குமென்ட்360 என்ற மென்பொருளைப் பார்க்கலாம். ஏபிஐ விளக்கம் பக்கம் போக விரும்புவோருக்கு, பெங்களூரில் பிறந்த போஸ்ட்மேன் கருவி நல்ல நுழைவாயில்.

மற்றவர் திருத்தும் அனுபவத்துக்கு நான் பரிந்துரைப்பது திறந்த மூல மென்பொருள்களின், அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள்களின் ஆவணங்களைத்தான். நிரல்களையும் ஆவணங்களையும் பலர் சேர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் அவற்றின் பக்கங்கள் வெளிப்படையாக உள்ளன. வலை நிரலாளர்கள் நாள்தோறும் பார்க்கும் எம்டிஎன் தளத்தின் பக்கங்கள்கூட 2020 டிசம்பர் முதல் அங்கேதான் திருத்தப்படுகின்றன. நிறுவும் முறையை உண்மையிலேயே நம் கணினியில் ஒரு முறை செய்து பார்த்து, எந்தப் படியில் தடுக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த ஒரு படியை மட்டும் திருத்தி அனுப்பினால், அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர் படித்துக் கருத்துச் சொல்வார். சில நேரம் வாரக்கணக்கில் பதில் வராது. சில நேரம் நான்கு வரித் திருத்தத்துக்கு ஒரு பக்கம் விளக்கம் வரும். அந்த விளக்கம் இலவசமாகக் கிடைக்கும் ஆசிரியர். அந்த உரையாடல் முழுவதும் பொதுவில் பதிவாகி நிற்பதால், வேலை தருபவருக்கு அனுப்பும் இணைப்பாகவும் அதுவே அமைந்துவிடுகிறது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி எண்ணிக்கையைக் கூட்டும் பழக்கம் வேண்டாம். பராமரிப்பவர்களுக்கு அது சுமை.

கூகுளும் மைக்ரோசாஃப்டும் எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்ற விதிகளைத் தொகுத்த தங்கள் நடைக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து உங்கள் மாதிரி ஆவணங்கள் அனைத்திலும் அதையே பின்பற்றுங்கள். எந்தக் கையேடு என்பதை மாதிரியின் கீழே ஒரு வரியில் எழுதிவிட்டால், ஒழுங்காக வேலை செய்பவர் என்ற எண்ணம் படிப்பவருக்குத் தானாக வரும். ஆவணங்களைக் கற்பிப்பவை, செய்முறை சொல்பவை, விவரம் தருபவை, விளக்குபவை என்று நான்காகப் பிரிக்கும் டியாடாக்சிஸ் முறையையும் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை அதற்குப்பின் குறையும்.

வேலை தேடலைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு, ஏனென்றால் பாடத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. லிங்க்ட்இன், நௌக்ரி தளங்களில் "டெக்னிக்கல் கன்டென்ட் ரைட்டர்" என்று வரும் விளம்பரங்களில் பெரும்பகுதி, நான் முதலில் சொன்ன விளம்பரக் கட்டுரை எழுதும் வேலைதான். சொல்லுக்கு இவ்வளவு காசு, நாளுக்கு இத்தனை சொல் என்று விவரத்தில் இருந்தால் அது ஆவண வேலை இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பயனர் கையேடு, வெளியீட்டுக் குறிப்பு, ஏபிஐ, உதவிப் பக்கம் ஆகிய சொற்கள் விவரத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். டாக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், இன்ஃபர்மேஷன் டெவலப்பர், நாலெட்ஜ் பேஸ் ரைட்டர் என்ற பெயர்களிலும் இதே வேலை வருகிறது. ஒரே பெயரில் மட்டும் தேடினால் பாதி கண்ணில் படாது.

"ரிமோட்" என்று போட்டிருப்பதையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர் மட்டும் என்று சிலவற்றில் இருக்கும். வாரம் மூன்று நாள் பெங்களூர் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று சிலவற்றில் இருக்கும். நேரமும் முக்கியம். அமெரிக்க மேற்குக் கடற்கரையில் காலை 9 மணி என்பது அவர்களுடைய கோடைக்கால நேரப்படி நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. ஜெர்மனி நிறுவனமாக இருந்தால் அவர்களுடைய காலை 9 மணி நமக்குப் பகல் 12.30 அல்லது 1.30, குடும்பத்தோடு இருப்பவருக்கு இது எவ்வளவோ மேல். அப்வொர்க் போன்ற தளங்களில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைச் செலவிட வேண்டும்; தொடர்ந்து விண்ணப்பிப்பவர் அவற்றைக் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கும் என்பதால், கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிக்காமல் நம் மாதிரியோடு பொருந்தும் வேலைக்கு மட்டும் விண்ணப்பிப்பது நல்லது. 2013-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு மாநாடாகத் தொடங்கிய ரைட் த டாக்ஸ் சமூகத்துக்கு வேலை விளம்பரப் பக்கமும் உரையாடல் குழுவும் உள்ளன. அங்கே புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மூத்தவர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். பழைய வழிகாட்டிகளில் எஸ்டிசி என்ற அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து அதன் சான்றிதழ் பெறும்படி சொல்லியிருப்பார்கள். அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது, ஆகவே அந்த அறிவுரையைக் கடந்து செல்லுங்கள்.

வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முற்றிலும் புதியவருக்கு, முதல் நாளிலிருந்தே வீட்டிலிருந்து பார்க்கும் முழுநேர வேலை கிடைப்பது அரிது. பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இல்லாத இடத்தில் புதியவரை வைக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நடைமுறையில் இரண்டு வழிகள் திறக்கின்றன. சில மாதம் அலுவலகத்தில் இருந்து கற்றுக்கொண்டு பிறகு வீட்டுக்கு மாறுவது ஒன்று. குறுகிய கால ஒப்பந்த வேலையில் நுழைந்து, அதை ஒழுங்காக முடித்து நம்பிக்கை பெறுவது மற்றொன்று. வேறு துறையில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டாவது வழி எளிது. மருத்துவ ஆய்வகத்தில் இருந்தவர், தோல் தொழிற்சாலையில் இருந்தவர், வங்கியில் இருந்தவர் ஆகியோர் தாம் அறிந்த துறைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தைத் தேடிப் பிடித்தால், அந்தத் துறையின் சொற்களும் வேலைமுறையும் தெரிந்தவர் என்பதே பெரிய தகுதி. எனக்கு வேலை தந்தது ஆடை, காலணித் தொழிற்சாலைகளின் உற்பத்திக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளைச் செய்யும் சிறு நிறுவனம்.

கட்டணப் பயிற்சி நிலையங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை உறுதி என்று விளம்பரம் செய்த ஒரு நிலையத்தில் என் தோழி ஒருவர் பெரும் தொகை கட்டிச் சேர்ந்தார். அங்கே கற்பித்தவற்றில் பெரும்பகுதி இந்த இலவசப் பாடத்தில் உள்ளதுதான். உறுதி சொன்ன வேலைக்கு நேர்காணல்கூட ஏற்பாடு ஆகவில்லை. எழுதியதை வரிக்கு வரி திருத்தித் தரும் ஆசிரியர் இருக்கிறாரா, அவர் இந்தத் தொழிலில் வேலை பார்த்தவரா என்ற இரண்டையும் கேட்டறிந்த பிறகே காசு கொடுக்க வேண்டும். திருத்தித் தருபவர் இருந்தால் கட்டணத்துக்கு நியாயம் உண்டு. வேலை தருகிறோம் என்று சொல்லிப் பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம், பாதுகாப்பு வைப்புத்தொகை என்று கேட்பவர்களும், டெலிகிராமில் மட்டும் பேசி முடிப்பவர்களும் மோசடிக்காரர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணத்தை வழியில் நிறுத்துவதற்கு முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. தேர்வு என்ற பெயரில் ஒரு முழுக் கையேட்டையே எழுதி வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு பக்கம் எழுதச் சொன்னால் எழுதலாம். அதற்கு மேல் கேட்டால் ஊதியம் எவ்வளவு என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு இனி யார் வருவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். முதல் வரைவை எழுதும் வேலை இயந்திரத்துக்குப் போகிறது என்பது உண்மை, அந்த வரைவு வேலைதான் புதியவர்களுக்கு ஏணியின் முதல் படியாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் இயந்திரம் எழுதித் தரும் நிறுவும் முறையில் நான்காவது படி ஐந்தாவதுக்குப் பின்னால் வர வேண்டியது என்பதையும், இல்லாத ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறது என்பதையும், செயலியைத் திறந்து செய்து பார்த்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். கூகுள் பாடம் வாக்கியத்தை நுணுக்கமாகப் பார்க்கப் பழக்குவதால், இயந்திர வரைவைத் திருத்தும் கண்ணையும் அதுவே தருகிறது. இந்தக் காரணத்துக்காகவே இதை இன்று படிப்பது முன்பை விட அவசியம் என்று கருதுகிறேன். பயிற்சிகளுக்கான விடையை இயந்திரத்திடம் கேட்டு வாங்குபவருக்கு இந்தப் பாடத்தால் எந்தப் பயனும் விளையாது.

ஊரில் இருந்தபடி வேலை செய்வதற்கான வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைபர் இணைப்பு ஒன்று, அது நின்றால் உடனே மாறிக்கொள்ள வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று, பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் மடிக்கணினியையும் மோடத்தையும் தாங்கும் இன்வெர்ட்டர் ஒன்று. மே மாதத்து வேலூர் வெயிலில் மாடி அறையில் பகலில் அமர்ந்து எழுதுவது இயலாத காரியம், ஆகவே கீழ்த்தளத்தில் ஓர் இடம் பார்த்துக்கொள்வது நல்லது. மின்தடை அறிவிப்பு வந்ததும் அதை முன்கூட்டியே குழுவுக்குத் தெரிவித்துவிடுபவரை நிறுவனம் நம்புகிறது.

பாடத்தின் உள்ளடக்கத்துக்கு ஐந்துக்கு நான்கரை தருகிறேன். வேலை தேடும் புதியவர் இதை மட்டும் நம்பலாமா என்ற கேள்விக்கு ஐந்துக்கு இரண்டரைதான் தர முடியும். ஆங்கிலத்தில் ஓரளவு எழுதத் தெரிந்து, ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆர்வம் உள்ள எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆங்கில அடிப்படையே தடுமாற்றமாக இருப்பவர் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தப் பாடம் அதற்கானது இல்லை.

வகுப்பில் நடத்த வேண்டிய இரண்டாம் கட்டத்துக்கான வழிகாட்டிக் குறிப்புகளையும் கூகுள் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஊரீஸ் கல்லூரி, ஆக்சிலியம் கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றின் ஆங்கிலத் துறைகளோ கணினித் துறைகளோ ஒரு சனிக்கிழமை வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்டு, அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தினால், தனியே படித்து நிற்பவர்களுக்கு இல்லாமல் போன அந்தத் திருத்தும் துணை கிடைத்துவிடும். அதுவரை, படித்து முடித்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒருவர் ஆவணத்தை மற்றவர் திருத்திக்கொள்ளலாம். மாவட்ட மைய நூலகத்தில் அப்படிச் சந்திக்க விரும்புவோர் கீழே எழுதுங்கள். என் மோடம் பக்கத்தையும் கொண்டு வருகிறேன், அதில் இன்னும் திருத்த வேண்டியது இருக்கிறது.